ஒரே படத்தில் இரண்டு ஒளிகள்

இரவு விருந்து நடக்கும் மண்டபத்தில் பிளாஷ் ஒளியுடன் எடுக்கப்படும் படம் பார்வைக்கு ஒரே படமாகத் தெரிந்தாலும், இயற்பியல் கணக்கில் அது ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இரண்டு படங்களாகும். மண்டபத்தின் விளக்குகள் உருவாக்கும் படம் முதலாவது. ஒளியுணரிக்கு முன்னால் திறந்து மூடும் திரையாகிய ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அது சிறுகச் சிறுகச் சேர்கிறது. பிளாஷ் விளக்கு உருவாக்கும் படம் இரண்டாவது. அது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலோ அதைவிடக் குறைந்த நேரத்திலோ பதிந்து முடிந்துவிடுவதால், அதன் பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதில் மாற்றம் நேர்வதில்லை. மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடக்கும் கல்யாணங்களின் படங்கள் பலவற்றில் மணமக்களின் முகம் வெளுத்துப்போய், பெருஞ்செலவில் பூவால் அலங்கரித்த மேடை இருட்டில் மூழ்கிக் கிடப்பதற்குப் பிளாஷின் வலிமைக் குறைவு காரணமன்று; இரண்டாவது படம் முதலாவது படத்தை விழுங்கிவிட்டதே காரணம். பிளாஷ் படத்தை மேம்படுத்துவது என்பது பெரும்பாலும் பிளாஷுக்கு அதன் பங்கைக் குறைத்துக் கொடுப்பதுதான் என்ற கருத்து முரணாகத் தோன்றலாம். அதன் பின்னால் உள்ள கணக்கு எளியது.

குறுகிய நேர ஒளியால் படம் எடுக்கும் முயற்சி ஒளிப்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. 1851இல் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பாட், சுழலும் வட்டில் ஒட்டப்பட்ட செய்தித்தாள் பக்கத்தை மின்பொறியின் ஒளியில் படம் பிடித்துக் காட்டினார். 1887இல் ஜெர்மனியில் மீதேவும் கேடிக்கேவும் மக்னீசியத் தூளையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலந்த வெடிப்பொடியை உருவாக்கினர். அது புகையையும் தீக்காயங்களையும் தாராளமாக வழங்கியது. 1931 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜெர்ட்டன் வாயு நிரப்பிய குழாயில் மின்தேக்கியை வெளியேற்றி ஒளி உண்டாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இன்றைய பிளாஷ் கருவிகள் அதே வழியில்தான் இயங்குகின்றன.

கருவிக்குள் நான்கு சிறு மின்கலங்கள் தரும் 6 வோல்ட் மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கியில் நிரப்பப்படுகிறது. 1400 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள மின்தேக்கி 330 வோல்ட்டில் ஏறத்தாழ 75 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். (கருவியை அணைத்த பிறகும் இந்த மின்னூட்டம் நீடிக்கக்கூடும் என்பதால், பழுதான பிளாஷை வீட்டில் திருகாணி கழற்றிப் பார்க்கும் ஆர்வம் அடக்கப்பட வேண்டியது.) ஷட்டர் திறந்ததும் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று குழாயைத் தூண்ட, உள்ளே இருக்கும் செனான் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி வெண்மையாக ஒளிர்கிறது. பிளாஷின் அளவைப் பாதியாகவோ பதினாறில் ஒரு பங்காகவோ குறைக்கும்போது ஒளி மங்குவதில்லை. மின்னணு நிலைமாற்றி ஒன்று மின்னோட்டத்தை இடையில் வெட்டிவிட, ஒளிரும் நேரம் குறைகிறது. முழு அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி நீடிக்கும் ஒளி, மிகக் குறைந்த அளவில் முப்பதாயிரத்தில் ஒரு நொடிக்கும் கீழே இறங்குகிறது. குறைந்த அளவில் இயங்கும் பிளாஷ் அசைவை இன்னும் கூர்மையாக உறையவைக்கும் என்பதால், அட்சதை அரிசியைப் பற்றிப் பின்னர் பேசும்போது இந்தச் செய்தி பயன்படும்.

பிளாஷ் ஒளி மூலத்திலிருந்து விலக விலக விரிந்து பரவுவதால், தொலைவு இரண்டு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. எதிர்த்தகவு இருமடி விதி எனப் பள்ளிப் பாடத்தில் வரும் இதுவே குடும்பப் படங்களின் பெரும் எதிரி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா, பாட்டி 2 மீட்டர் தொலைவிலும், பின்வரிசையில் நிற்கும் பேரப்பிள்ளைகள் 4 மீட்டர் தொலைவிலும் இருந்தால், முன்வரிசைக்குக் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே பின்வரிசைக்குக் கிடைக்கும். படமெடுப்பவர் மேலும் 2 மீட்டர் பின்வாங்கினால் தொலைவுகள் 4 மீட்டரும் 6 மீட்டருமாகி, வேறுபாடு 2.25 மடங்காகச் சுருங்குகிறது. பிளாஷ் படத்தில் பின்வாங்குவதும் ஒரு வகை ஒளியமைப்பு என்பது பலர் கவனிக்காத உண்மை.

ஒரு பிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அறிய வழிகாட்டு எண் பயன்படுகிறது. உணரியின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100ஆக இருக்கையில், அந்த எண்ணை லென்ஸின் துளை அளவைக் குறிக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். கேமராவின் உச்சியில் துள்ளி எழும் சிறிய பிளாஷின் வழிகாட்டு எண் 12 எனக் கொண்டால், எஃப் 4 துளையில் அது 3 மீட்டர் வரை மட்டுமே போதுமானது. உணர்திறனை நான்கு மடங்காக்கினால் தொலைவு இரண்டு மடங்காகிறது, ஆகவே ஐ.எஸ்.ஓ. 1600இல் அதே பிளாஷ் 12 மீட்டரை எட்டும். பத்துமலை அடிவாரத்தில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை இரவில் படம் எடுப்போர் 60 மீட்டர் தள்ளி நின்று இதே அமைப்பில் பிளாஷை மின்னவிட்டால், தேவையான ஒளியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே சிலையைச் சேரும். அந்த மின்னலால் ஒளிபெறுவது முன்னால் நிற்பவரின் பின்னந்தலை மட்டுமே.

மண்டபத்துக்குத் திரும்பினால், இரண்டு படங்களின் கணக்கு முழுமையாக விளங்கும். சராசரியாக 300 லக்ஸ் வெளிச்சம் உள்ள அரங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, நொடியில் 200இல் ஒரு பங்கு என்று கேமராவை அமைத்தால், மண்டப விளக்குகளிலிருந்து உணரி பெறும் ஒளி தேவையானதில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காக மட்டுமே இருக்கும். பிளாஷ் எட்டிய முகங்கள் ஒளிர, எட்டாத மேடை கறுத்துவிடுகிறது. அதையே எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800, 125இல் ஒரு நொடி என்று மாற்றினால், மண்டப ஒளி தேவையில் பாதியளவுக்கு உயர்ந்து, மேடையும் விருந்தினரும் தெளிவாகத் தெரியும் நிலையில், முகங்களை மட்டும் சற்றே தூக்கிக்காட்டும் வேலை பிளாஷுக்கு மிஞ்சுகிறது. இங்கே நினைவில் கொள்ள வேண்டிய தொடர்பு ஒன்றுண்டு: துளையும் உணர்திறனும் இரண்டு படங்களையும் சேர்த்தே பாதிக்கின்றன, ஷட்டர் நேரம் மண்டபப் படத்தை மட்டும் பாதிக்கிறது, பிளாஷின் அளவு பிளாஷ் படத்தை மட்டும் பாதிக்கிறது. ஆகவே மேடை இருண்டிருந்தால் ஷட்டரையும், முகம் வெளுத்திருந்தால் பிளாஷையும் திருத்த வேண்டும். இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்குத் தானியங்கி அமைப்பின் உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

ஷட்டரைக் குறுக்குவதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை விலகி உணரியைத் திறக்க, இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடுகிறது. நொடியில் 200இல் அல்லது 250இல் ஒரு பங்குக்கும் குறைவான நேரங்களில், முதல் திரை முழுவதும் விலகுமுன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுவதால் உணரியின் மேல் ஒரு பிளவு மட்டுமே நகர்கிறது. அந்நேரத்தில் பிளாஷ் மின்னினால் படத்தின் ஒரு பட்டை மட்டும் ஒளிபெற்று மீதி கறுக்கும். இந்த எல்லையே ஒத்திசைவு வேகம் எனப்படுகிறது.

இரண்டு ஒளிகளின் பங்கும் சரியான பிறகு எழும் சிக்கல் நிறம். செனான் ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். அது நண்பகல் வெயிலை ஒத்தது. மண்டபத்தின் மஞ்சள் விளக்குகள் 3000 கெல்வினை ஒட்டியும், குத்துவிளக்கின் சுடர் 2000 கெல்வினுக்குக் கீழும் நிற்கின்றன. கேமராவின் வெண்சமநிலை, அதாவது எதை வெள்ளை என்று கொள்வது என்ற முடிவு, இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்த முடியும் என்பதால், பிளாஷுக்குப் பொருத்தினால் பின்னணி செம்மஞ்சளாகவும், விளக்குக்குப் பொருத்தினால் முகம் நீலமாகவும் வருகிறது. பிளாஷின் முகப்பில் செம்மஞ்சள் நிற மெல்லிய தாளை ஒட்டி அதன் நிறத்தை மண்டப விளக்குக்கு அருகே கொண்டுவருவது பழைய, மலிவான, இன்றும் மிஞ்ச முடியாத தீர்வு. சுடரின் பொன்னிறத்தைச் சிறிது மிச்சம் வைப்பதே தமிழ்க் கல்யாணப் படத்துக்கு அழகு என்பதால், முழுத் திருத்தம் தரும் தாளைவிடப் பாதித் திருத்தம் தரும் தாளே இங்கு ஏற்றது. இன்றைய மேடைகளில் ஊதாவும் பச்சையுமாக நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகளுக்கு எந்தத் தாளும் ஈடுகொடுக்காது. அங்கே தாலி கட்டும் நேரத்திலாவது அவற்றை வெள்ளைக்கு மாற்றச் சொல்வதே வழி. மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஓடுவதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அத்தகைய இடங்களில் ஷட்டர் நேரத்தை 100இல் அல்லது 50இல் ஒரு நொடியாக வைத்தால், மண்டபப் படத்தின் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறாமல் நிற்கும்.

அடுத்தது இந்த மண்ணுக்கே உரிய பிரச்சினை: பளபளப்பு. ஈரப்பதம் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பட்டும் நகையும் மாலையும் அணிந்து ஹோமத்தீயின் முன் அமர்ந்திருப்பவரின் முகம் வியர்க்காமல் இருக்காது. முகத்தின் மேல் படியும் வியர்வையும் எண்ணெயும் கண்ணாடிப் பரப்புபோல் இயங்கி, தம்மீது விழும் ஒளியில் சுமார் 3 முதல் 4 விழுக்காட்டை நேராகத் திருப்பியனுப்புகின்றன. தோல் எந்த நிறமாக இருந்தாலும் இந்த அளவு மாறுவதில்லை. தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவரும் ஒளியின் அளவோ தோலில் உள்ள மெலனின் நிறமியைப் பொறுத்தது. வெளிர்நிறத் தோல் விழும் ஒளியில் பாதிக்கு மேலும் திருப்பித் தரக்கூடும், கருநிறத் தோல் அதில் சிறு பகுதியையே தரும். ஆகவே ஒரே பிளாஷ், ஒரே வியர்வை என்றாலும், மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்களில்தான் நெற்றியின் வெள்ளைத் திட்டு தோலைக் காட்டிலும் பன்மடங்கு துருத்தித் தெரிகிறது. கோடாக் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. உலகம் முழுவதும் வழங்கிவந்த பிளாஷ் அறிவுரைகளும் அந்த முகத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்று ஐயுற இடமுண்டு.

இதற்கு விடை, ஒளிமூலத்தைப் பெரிதாக்குவது. கண்ணாடிப் பரப்பில் தெரிவது ஒளிமூலத்தின் பிம்பம் என்பதால், முகத்துக்கு வந்துசேரும் மொத்த ஒளி மாறாமல் மூலம் மட்டும் நூறு மடங்கு பரந்தால், திட்டின் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகக் குறைந்து தோலோடு கலந்துவிடும். மூலத்தின் அளவு என்பது முகத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே. எனவே பிளாஷின் மேல் தீப்பெட்டியளவு பிளாஸ்டிக் மூடியை மாட்டுவதால் திறந்தவெளியில் எந்த நன்மையும் விளையாது. பிளாஷின் தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையில் அல்லது பக்கச் சுவரில் ஒளியைப் பாய்ச்சினால் ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள ஒளிப்பரப்பு உருவாகிறது. இப்படிப் பவுன்ஸ் செய்யும்போது தலையைச் செங்குத்தாக நிறுத்தினால் கண்குழிகளில் நிழல் விழும். சற்றே பின்புறமாகவோ பக்கவாட்டிலோ சாய்த்தால் ஒளி முன்னும் பக்கமுமாக வந்து மூக்கின் வடிவத்தையும் மாலையின் இதழ்களையும் புடைப்பாகக் காட்டும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிடலாம். கூரைக்குச் சென்று திரும்பும் பாதை 6 மீட்டர் என்றும், கூரையில் நான்கில் மூன்று பங்கு ஒளி சிதறிப்போகிறது என்றும் கொண்டால், எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800 அமைப்பில் வழிகாட்டு எண் 36 உள்ள பிளாஷ் தன் ஆற்றலில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகச் செலவிட்டாலே போதும். அடுத்த படத்துக்கு மின்தேக்கி விரைவில் நிரம்பிவிடும். ஐ.எஸ்.ஓ. 100இல் அதே பிளாஷ் முழு ஆற்றலைக் கொட்டினாலும் போதாது. உணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணல்போன்ற இரைச்சல் வரும் என்ற அச்சம், தொடக்ககால டிஜிட்டல் கேமராக்களோடு போயிருக்க வேண்டியது. ஒன்று மட்டும் உண்மை: பவுன்ஸ் முறைக்குக் கூரை வெள்ளையாகவும் எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். கோயில்களின் வண்ணம் தீட்டிய விதானம் தன் நிறத்தை முகத்தில் பூசிவிடும். பத்துமலைக் குகையின் ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கூரையிலிருந்து எதுவும் திரும்பி வராது.

பிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறையும் தமிழ் மேடையில் அடிக்கடி தடுமாறுகிறது. படத்தாள் காலத்தில், 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-2 கேமரா, படத்தாளின் மேல் விழுந்து தெறிக்கும் ஒளியை அந்தக் கணத்திலேயே அளந்து பிளாஷை நிறுத்தியது. பளிங்குபோன்ற டிஜிட்டல் உணரிகளில் அவ்வாறு அளப்பது நம்பகமாக இல்லாததால், இன்றைய கேமராக்கள் முதலில் ஒரு சிறு முன்மின்னலை அனுப்பி, அது திரும்பிவரும் அளவைக் கொண்டு முதன்மை மின்னலின் அளவைக் கணக்கிடுகின்றன. காட்சி சராசரியாக நடுச்சாம்பல் நிறத்தது என்பதே அக்கணக்கின் அடிப்படை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படச்சட்டத்தை நிரப்பும்போதும், சரிகையோ பித்தளை விளக்கோ எவர்சில்வர் தாம்பாளமோ முன்மின்னலை நேராகத் திருப்பி அனுப்பும்போதும், ஒளி மிகுந்துவிட்டதாகக் கருதிக் கேமரா பிளாஷை முன்கூட்டியே வெட்டிவிட, முகங்கள் இருள்கின்றன. பிளாஷ் ஈடுசெய்தல் என்ற அமைப்பில் முன்னதாகவே சிறிது கூட்டிவைப்பதும், முகத்தை மட்டும் அளந்து அந்த அளவைப் பூட்டிவைப்பதும் இதற்கான பரிகாரங்கள்.

அட்சதை தூவும் கணம் இரண்டு படங்களின் கோட்பாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் அரிசிமணி, 60இல் ஒரு நொடி ஷட்டர் நேரத்தில் 5 சென்டிமீட்டர் நகர்ந்து கோடாகிவிடும். ஆனால் குறைந்த அளவில் இயங்கும் பிளாஷ் 5000இல் ஒரு நொடியில் முடிவதால், அந்த ஒளியில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி மட்டும் நகர்ந்து மணியாகவே நிற்கும். வழக்கமான அமைப்பில் ஷட்டர் திறந்தவுடன் பிளாஷ் மின்னுவதால், மணிக்குக் கீழே கோடு நீண்டு, அரிசி மேல்நோக்கிப் பறப்பதுபோன்ற தோற்றம் தரும். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்பு பிளாஷை மின்னச்செய்யும் பின்திரை ஒத்திசைவு முறையில் கோடு மேலே, மணி கீழே என இயல்பான வரிசை கிடைக்கிறது. தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிப்பவரின் குச்சியையும் இம்முறையில் எடுத்தால் வீச்சின் தடமும் குச்சியின் நுனியும் ஒருங்கே பதியும். இதில் ஒரு குறை: ஷட்டர் நேரம் நீளும்போது முன்மின்னலுக்கும் முதன்மை மின்னலுக்கும் இடைவெளி கூடுவதால், முன்மின்னலைக் கண்டு இமைத்தவர்கள் மூடிய கண்களுடன் படத்தில் வருவார்கள்.

சாம்பிராணிப் புகையிலும் மழைத்தூறலிலும் எடுத்த படங்களில் மிதக்கும் வட்ட ஒளிகளைத் தெய்வச் செயலாகப் பகிர்வோர் உண்டு. லென்ஸுக்கு மிக அருகே மிதக்கும் தூசியோ நீர்த்துளியோ பிளாஷை நேராகத் திருப்பியனுப்ப, குவியத்துக்கு வெளியே இருப்பதால் அது வட்டமாக விரிந்து தெரிகிறது. பிளாஷும் லென்ஸும் நெருங்கியிருக்கும் சிறிய கேமராக்களில் இது மிகுதி. பிளாஷைக் கேமராவிலிருந்து ஒரு கை தூரம் விலக்கிப் பிடித்தால் வட்டங்கள் மறைந்துவிடும். சிவந்த கண்ணுக்கும் மருந்து அதுவே: மங்கிய ஒளியில் விரிந்த கண்மணி வழியே நுழையும் ஒளி, விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் பட்டு வந்த வழியே திரும்புவதால் சிவப்பு தோன்றுகிறது. குழந்தையின் ஒரு கண்ணில் மட்டும் சிவப்புக்குப் பதிலாக வெள்ளை ஒளி படத்துக்குப் படம் தெரிந்தால், அது கேமராவின் குறையாக இராமல் விழித்திரைப் புற்று உள்ளிட்ட நோய்களின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் கண் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

பிளாஷ் இரவுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் சிறிதும் பொருந்தாது. ஸ்ரீ கெம்பாங்கான் வட அகலாங்கு 3 பாகையில் இருப்பதால், மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; டிசம்பரில்கூட அது 63 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மலேசியக் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவதால் இந்த உச்சி வேளை பகல் ஒன்றேகால் மணியை ஒட்டி வருகிறது. கல்யாணச் சாப்பாடு முடிந்து குடும்பமாகப் படம் எடுக்க வெளியே வரும் நேரமும் அதுவே. தலைக்கு மேலிருந்து விழும் வெயில் புருவத்தின் நிழலைக் கண்களின் மேல் வீழ்த்தி, முகத்தை எலும்பாக்கிவிடுகிறது. அந்நிழலை நிரப்ப பிளாஷ் தேவை. ஆனால் வெயிலோடு போட்டியிட வேண்டியிருப்பதால் ஆற்றலும் மிகுதியாகத் தேவை. ஐ.எஸ்.ஓ. 100, 200இல் ஒரு நொடி, எஃப் 11 என்ற வெயில் அமைப்பில், வழிகாட்டு எண் 36 உள்ள பிளாஷ் 3 மீட்டர் தாண்டியதும் வெயிலுக்குச் சமமாக நிற்க முடியாது. 12 உள்ள சிறிய பிளாஷ் ஒரு மீட்டரோடு நின்றுவிடும். நிழலை முழுவதும் அழிக்காமல் மென்மையாக்க வெயிலில் பாதியளவு ஒளி போதும் என்பதால், பெரிய பிளாஷை நாலரை மீட்டர் வரை நீட்டலாம். பின்னணியை மங்கலாக்க விரும்பித் துளையை எஃப் 2.8க்குத் திறப்பவர் ஷட்டரை ஒத்திசைவு வேகத்துக்கு அப்பால் குறுக்க நேரும். அதற்காக உள்ள அதிவேக ஒத்திசைவு முறையில் பிளாஷ் ஒரே மின்னலாக இல்லாமல் பல சிறு துடிப்புகளாகத் தொடர்ந்து ஒளிர்ந்து, நகரும் பிளவு முழுவதற்கும் ஒளி தருகிறது. அத்துடிப்புகளில் பெரும்பகுதி திரையின் மேல் விழுந்து வீணாவதால் எட்டும் தொலைவு வெகுவாகக் குறைகிறது. இரண்டு மூன்று பேருக்கு அது போதும். முப்பது பேர் கொண்ட குடும்பத்துக்கு, அவர்களைப் பந்தலின் விளிம்புக்குள் நிழலில் நிறுத்தி, பின்னணியின் வெயிலை ஷட்டரால் அடக்கி, முகங்களுக்கு மட்டும் பிளாஷைக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.